மாமா கொண்டுவரும் வேட்டை வில்: யாழ்ப்பாணத்தில் அதை இலக்கு வில்லாக்குவது எப்படி

“மாமா கனடாவிலிருந்து வருகிறார், கொம்பவுண்ட் வில் ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா?” என்று, இரு முனையிலும் கேம் எனப்படும் சில்லுகளும் கேபிள்களும் உள்ள இந்த நவீன வில்லைப் பற்றிக் கேட்பவர்களுக்கான குறிப்பு இது. சொல்லலாம். ஆனால் அங்கத்தைய கடையில் முன்னுக்குத் தொங்குவது மான் வேட்டைக்கான வில். குட்டையானது, வேகமானது, இழுக்க 70 இறாத்தல் விசை கேட்பது. அதை அப்படியே வாங்கி வந்தால் இரண்டு மாதத்தில் தோள் மூட்டும் நோகும், வில்லும் அலுமாரிக்கு மேல் ஏறிவிடும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வில் இங்கே இலக்கு எய்வதற்கு மட்டும். இலங்கையில் வேட்டை 1937-ம் ஆண்டின் 2-ம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. மான், மரை, மயில் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. “வன்னிப் பக்கம் ஒருக்கால் போய்ப் பார்ப்போம்” என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

1. கடைக்குப் போகச் சொல்லுமுன் நான்கு விபரம்

மாமாவிடம் “நல்லதாகப் பார்த்து வாங்குங்கோ” என்று சொன்னால் அவர் தன் கைக்குப் பொருந்துவதை வாங்கி வருவார். கொம்பவுண்ட் வில் செருப்பு மாதிரி, அளவு தெரியாமல் வாங்க முடியாது.

எந்தக் கண் மேலோங்கிய கண் என்று முதலில் பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, பெருவிரல்களுக்கிடையே சிறு முக்கோணம் அமைத்து, அதற்குள்ளால் தூரத்துப் பனை வட்டு ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது வட்டு முக்கோணத்துக்குள் நிற்கிறதோ, அதுதான் குறி பார்க்கும் கண். வலக்கண் என்றால் வலக்கை வில், நாணை வலக்கையால் இழுப்பது. இடக்கை வில்லை வலக்கை வில்லாக மாற்ற வழியே இல்லை.

அடுத்தது இழுநீளம், அதாவது நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள் என்பது. சுவரோடு நின்று கைகளைப் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் நுனிக்கு நுனி அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் வகுங்கள். 67 அங்குலம் வந்தால் 26.8, அதாவது 27. கைகளை வலிந்து நீட்டிக்கொண்டு அளக்காதீர்கள். இரண்டு அளவுக்குச் சரி நடுவில் வந்தால் அரை அங்குலம் குறைந்த பக்கத்தையே எடுங்கள். நீளம் கூடினால் உடல் பின்னுக்குச் சாயும், நாண் முன்கையில் அடிக்கும்.

மூன்றாவது இழுபாரம், அதாவது நாணை இழுக்க வேண்டிய விசை. தொடங்கும் ஆணுக்கு 40 முதல் 45 இறாத்தல் போதும், மெலிந்தவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் 30. சோதனை எளிது. கதிரையில் இருந்து, கால்களைத் தரையிலிருந்து தூக்கி, வில்லை நேராகப் பிடித்தபடி இழுக்க முடிய வேண்டும். வில்லை ஆகாயத்துக்குத் தூக்கித்தான் இழுக்க முடிகிறதென்றால் பாரம் கூடிவிட்டது. “போகப் போகப் பழகும்” என்ற கதை இங்கே சரிவராது. பழகுவது பிழையான இழுப்பு மட்டும்தான்.

நான்காவது உங்கள் உயரம். பீப் எனப்படும், நாணில் குறி பார்க்கும் துளையை எங்கே வைப்பது என்பதற்குக் கடைக்காரருக்கு அது உதவும்.

2. வில்லைத் தெரிவு செய்தல்

பலரும் விழும் பொறி 70 இறாத்தல் லிம்ப். லிம்ப் என்பது வில்லின் மேலும் கீழும் வளையும் தகடு. “வேண்டுமென்றால் குறைக்கலாம்தானே” என்பார்கள். சாதாரண வேட்டை வில்லில் லிம்ப் போல்ற்றைத் தளர்த்தினால் ஏறத்தாழ 10 இறாத்தல்தான் இறங்கும். 60–70 லிம்ப் 60-க்குக் கீழே பத்திரமாக இறங்காது. உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் போட்டிகளில் கொம்பவுண்டுக்கு உச்ச வரம்பே 60 இறாத்தல். ஆகவே மிகத் தளர்த்திய நிலையிலும் அந்த வில் வரம்பில் நின்று தடுமாறும், தொடங்குகிறவரால் இழுக்கவும் முடியாது. 40–50 லிம்ப் கேளுங்கள்.

இன்னொரு வகை, அகன்ற வீச்சில் மாற்றக்கூடிய வில். பெயார் க்ரூசர் ஜி2, டயமண்ட் இன்ஃபினிற் எட்ஜ் புரோ போன்றவை 5 முதல் 70 இறாத்தல் வரை போகும். இழுநீளமும் சுமார் 12–13 அங்குலத்தில் தொடங்கி 30-ஐத் தொடும். ஒரே வில்லை அண்ணனும் தங்கச்சியும் பாவிக்கலாம், வீட்டிலேயே அளவு மாற்றலாம். தொடங்குகிறவருக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். ஆயிரம் டாலரைத் தாண்டும் உயர்ரக வேட்டை வில்லைவிட, பொருந்துகிற நானூறு டாலர் வில் இலக்கில் நன்றாக நிற்கும்.

இரண்டு அளவுகளைப் பெட்டியில் பாருங்கள். ஒன்று, அச்சுக்கு அச்சு நீளம், அதாவது மேல் கேமின் அச்சிலிருந்து கீழ் கேமின் அச்சு வரை. வேட்டை வில்லில் 28–33 அங்குலம், இலக்கு வில்லில் 36–40. குட்டையான வில் மரத்தில் ஏறியிருந்து எய்ய வசதி, மைதானத்தில் கை சற்று ஆடினாலும் காட்டிக்கொடுக்கும். கிடைப்பதில் நீளமானதை எடுங்கள். மற்றது பிரேஸ் உயரம், அதாவது பிடியின் குழியிலிருந்து நாணுக்குள்ள தூரம். 7 அங்குலம் நல்லது. 6-க்குக் கீழே போனால் வேகம் கூடும், சிறு பிழையும் பெரிதாகும்.

வேக எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். செக்கனுக்கு 320 அடி என்று எழுதியிருந்தால் அது 70 இறாத்தல், 30 அங்குல இழுநீளம், 350 கிரெய்ன் (22.7 கிராம்) அம்பு என்ற கணக்கில் அளந்தது. இழுநீளம் ஒரு அங்குலம் குறைய ஏறத்தாழ 10 அடியும், ஒரு இறாத்தல் குறைய ஏறத்தாழ 2 அடியும் இறங்கும். 27 அங்குலம், 50 இறாத்தலில் அதே வில் 250 அடி அளவில்தான் போகும். 50 மீற்றருக்கு அது தாராளம்.

பழைய வில் மலிவாகக் கிடைக்கிறதா? இழுநீளத்தைக் கேமிலுள்ள மொடியூல் என்ற துண்டைத் திருப்பி மாற்றலாமா, அல்லது ஒவ்வொரு நீளத்துக்கும் வேறு கேம் வாங்க வேண்டுமா என்று கேட்டபின் காசு கொடுங்கள். சில பழைய மொடல்களுக்கு இப்போது கேம் கிடைக்காது.

3. பத்திரங்களும் பயணமும்

வேலையில் பாதி இதுதான், வில் வாங்கமுன் தொடங்க வேண்டியதும் இதுதான். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருகிறவர் கொண்டுவருவதென்றால் பங்குனி, சித்திரையிலேயே கடிதங்களை எழுதுங்கள்.

சுங்கத்துக்கு எழுதும்போது உதவும் ஒரு விபரம்: உலகப் பொதுச் சுங்க வகைப்பாட்டில் ஆயுதங்கள் 93-ம் அத்தியாயம். அந்த அத்தியாயத்தின் குறிப்பே வில்லும் அம்பும் தனக்குள் அடங்காது, 95-ம் அத்தியாயத்துக்குப் போகும் என்கிறது. விளையாட்டுப் பொருட்களுக்கான 9506 அங்கேதான் இருக்கிறது. இதைக் குறிப்பிட்டு, மொடல் பெயரையும் படத்தையும் இணைத்து, தீர்வை எவ்வளவு, இறக்குமதி அனுமதியோ பாதுகாப்பு அமைச்சின் ஒப்புதலோ வேண்டுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் “பிரச்சினையில்லை” என்று சொன்னவர் நீங்கள் கட்டுநாயக்காவில் நிற்கும்போது கடமையில் இருக்க மாட்டார்.

கொண்டு வருபவரின் கையில் இருக்க வேண்டியவை: சுங்கத்தின் எழுத்துப் பதில், விலை தெரியும் கடைப் பற்றுச்சீட்டு, மொடலும் தொடர் இலக்கமும் உள்ள தாள், நீங்கள் சேரும் கழகத்தின் கடிதம், உங்கள் அடையாள அட்டைப் பிரதி. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. விமான நிலையத்தில் சிவப்பு வழியால் போய்த் தானாகவே அறிவிக்கச் சொல்லுங்கள். பச்சை வழியால் போய்ப் பிடிபட்ட பெட்டிக்கு எந்தக் கடிதமும் கைகொடுக்காது.

வில்லும் அம்பும் கைப்பொதியில் போகாது, சரக்குப் பொதியில்தான். பல விமான நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் அதிக கட்டணம் கேட்கும். 44 அங்குல வில்பெட்டி அதைத் தாண்டும், 40 x 14 x 7 அங்குலப் பெட்டி மட்டுமட்டாக அடங்கும். வேட்டை வில் குட்டையாக இருப்பதில் உள்ள ஒரே இலாபம் இது.

வேட்டைக்கான பிளேட் முனைகளை, அதாவது புரோட்ஹெட்டுகளை, ஒன்றுகூடப் போடவேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். விளையாட்டுப் பொருள் என்ற உங்கள் வாதத்தை அந்த மூன்று பிளேட்டுகள் கெடுத்துவிடும். இலக்குப் பலகையையும் பிய்த்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின் பத்திரங்களின் ஒரு செற்றை வில்பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கிராம அலுவலருக்கும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம் கொடுப்பது நல்லது. வில்லோடு பஸ்ஸில் போகும்போது கேள்வி வரும்.

4. கடையிலேயே செய்விக்க வேண்டியவை

கேமையும் நாணையும் கழற்றி மாட்ட வில்லழுத்தி என்ற கருவி வேண்டும். இங்கே அதைத் தேடி அலையாமல், மாமாவை இந்த வேலைகளைக் கடையில் முடித்து வரச் சொல்லுங்கள்: இழுநீளத்தை உங்கள் அளவுக்கு வைப்பது, பீப் மாட்டுவது, டி-லூப் (நாணை இழுக்கும் கருவியைக் கொளுவும் சிறு கயிற்று வளையம்) கட்டுவது, இரண்டு கேமும் ஒரே நேரத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது. ஒரு மேலதிக நாண்-கேபிள் செற்றும், இரண்டு மீற்றர் டி-லூப் கயிறும், நாண் மெழுகும் பெட்டிக்குள் வரட்டும்.

அதோடு அங்குல அளவு அலன் கீ செற் ஒன்று. இதை மறந்தவர்கள்தான் அதிகம் அவதிப்படுவது. அமெரிக்க வில்லின் திருகுகள் 5/32, 3/16, 7/32 என்று போகும். எங்கள் இரும்புக் கடைகளில் கைக்கு வருவது மில்லிமீற்றர் கீ. 3/16 என்பது 4.76 மில்லிமீற்றர். 5 உள்ளே போகாது, 4.5 போய்ச் சுற்றும். இரண்டு தரம் சுற்றினால் திருகின் அறுகோணம் வட்டமாகிவிடும். பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

5. பெட்டி திறந்ததும்

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அம்புக்குப் போகவேண்டிய விசை முழுதும் லிம்புக்கும் கேமுக்கும் திரும்பும். ஒரே ஒரு வெற்று எய்தலில் லிம்ப் வெடிக்கலாம், கேம் வளையலாம், நாண் கழன்று முகத்தில் அடிக்கலாம்.

பஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்து லிம்பின் ஓரங்களில் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். எங்காவது நூல் சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, அந்த வில்லை இழுக்காதீர்கள். பிறகு கேமின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், பள்ளம் இருக்கக்கூடாது. நடுச்சுற்று, அதாவது நாணின் நடுவில் சுற்றியிருக்கும் நூல், பிரிந்திருக்கக்கூடாது.

6. இழுபாரத்தை இறக்குதல்

லிம்ப் பொருந்தியிருக்கும் பொக்கெற்றில் பூட்டுத் திருகு இருந்தால் அதை முதலில் தளர்த்துங்கள். பிறகு மேல் போல்ற் அரைச் சுற்று, கீழ் போல்ற் அரைச் சுற்று என்று மாறி மாறித் தளர்த்துங்கள். மேலும் கீழும் ஒரே எண்ணிக்கையாக இருக்க வேண்டும். அது பிசகினால் அம்பு உயர்ந்தோ தாழ்ந்தோ பறக்கும், காரணம் தெரியாமல் நாட்கணக்கில், குறி பார்க்கும் சைற்றைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். போல்ற் தலையில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டுவைத்தால் எண்ணுவது சுலபம். ஒரு முழுச்சுற்றுக்கு 2–3 இறாத்தல் இறங்கும். எத்தனை சுற்று வரை தளர்த்தலாம் என்று கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் லிம்ப் பொக்கெற்றிலிருந்து கழன்று பறக்கும்.

எவ்வளவு வந்தது என்று பார்க்க, பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு போதும். டி-லூப்பில் கொக்கியை மாட்டி மெதுவாக இழுத்து, தராசு காட்டும் அதிகூடிய எண்ணைப் பாருங்கள். 45 இறாத்தல் என்றால் 20.4 கிலோ, 60 என்றால் 27.2. போட்டிக்குப் போகிறவர் 58-க்கு மேல் வைக்காமல் இருப்பது புத்தி, நடுவரின் தராசு உங்கள் தராசோடு ஒத்துப்போகும் என்று நம்பியிருக்க முடியாது.

7. எதைக் கழற்றுவது, எதை விடுவது

பெட்டியோடு வரும் உதிரிகளில் பாதி வேட்டைக்கானவை. எல்லாவற்றையும் முதல் நாளே மாற்ற ஓடாதீர்கள்.

அம்புக்கூட்டைக் கழற்றுங்கள். வில்லின் பக்கத்தில் நிற்கும் அந்தப் பாரம் வில்லைச் சரிக்கும்.

அம்பைத் தாங்கும் ரெஸ்ற் அநேகமாக விஸ்கர் பிஸ்கற்றாக இருக்கும். பெயர்தான் பிஸ்கற், ஆள் ஒரு வட்டத் தூரிகை. அம்பு விழாமல் பிடிக்கும், பழகுகிறவருக்கு நல்லது. அம்பு போகும்போது இறகுகளைத் தேய்க்கும் என்பது அதன் குறை. ஆறு மாதம் அதோடேயே எய்துவிட்டு, பிறகு விழும் வகை ரெஸ்ற்றுக்கோ உலோக நாக்கு வகைக்கோ போகலாம்.

சைற்றில் மூன்று முதல் ஐந்து நிறப் புள்ளிகள் இருக்கும். மேல் புள்ளியை 18 மீற்றருக்கும், அடுத்ததை 30-க்கும், மூன்றாவதை 50-க்கும் வைத்துத் தொடங்கலாம். 50 மீற்றரில் 80 சென்ரிமீற்றர் இலக்குத் தாளை எய்யத் தொடங்கியதும் ஒற்றைப் புள்ளியும் கண்ணாடி வில்லையும் (லென்ஸ்) உள்ள சைற் வாங்குங்கள். பணம் செலவழிக்கத் தகுதியான முதல் மாற்றம் இதுதான்.

ஸ்ரெபிலைசர், அதாவது வில்லில் பூட்டும் சமநிலைக் கோல், 6 அங்குலக் கட்டையாக வரும். அது அதிர்வைக் குறைக்கும், நிதானம் தராது. முன்னுக்கு 26–30 அங்குலக் கோல், பின்னுக்கு 10–12 அங்குலக் கோல் என்பது இலக்கு வழக்கம். இதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.

நாணைப் பிடித்து இழுத்து விடும் ரிலீஸ் கருவி பெட்டியோடு வராவிட்டால் தனியாக வாங்குங்கள், விரலால் இழுக்கவேண்டாம். மணிக்கட்டில் கட்டும் சுட்டுவிரல் வகை மலிவு, கீழே விழாது. ஆனால் சைற்றின் புள்ளி இலக்கின் நடு மஞ்சளில் பட்டவுடன் விரல் படக்கென்று தட்டப் பழகிவிடும். பெருவிரல் பொத்தான் வகையில் அந்தக் கெட்ட பழக்கம் வருவது குறைவு.

8. அம்பு

அம்பு இலேசானால் வில்லுக்கு அது வெற்று எய்தல் மாதிரித்தான். ஒரு இறாத்தல் இழுபாரத்துக்கு 5 கிரெய்ன் என்பது அடிமட்டம். 45 இறாத்தலுக்கு 225. நாங்கள் சொல்வது 300-க்கு மேல். கிரெய்ன் தராசு தேடவேண்டாம், கஸ்தூரியார் வீதியில் தெரிந்த நகைக்கடை இருந்தால் போதும். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், 350 கிரெய்ன் 22.7 கிராம். பன்னிரண்டையும் நிறுத்து, பாரம் ஒத்தவற்றை ஒரு கூட்டமாகப் பிரியுங்கள்.

அம்பின் விறைப்புக்கு ஓர் எண் இருக்கும்: 600, 500, 400. எண் கூடினால் அம்பு மெதுமை. 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிடும்போது எத்தனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் வளைகிறது என்பதே அந்த எண். 27 அங்குல அம்பு, 40 இறாத்தல் என்றால் 600, 50 இறாத்தல் என்றால் 500 என்று தொடங்குங்கள், கம்பனி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முனை 100 கிரெய்ன், கூர்மையான சாதாரண இலக்கு முனை. முழுதாக இழுத்து நிற்கும்போது அம்பு ரெஸ்ற்றுக்கு முன்னால் ஒரு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

வெட்ட வேண்டி வந்தால் இரும்பு வாளால் வெட்டாதீர்கள், கார்பன் நார் பிரிந்துவிடும். கிரைண்டரில் ஒரு மில்லிமீற்றர் தட்டுப் போட்டு, அம்பை உருட்டிக்கொண்டே வெட்ட வேண்டும். முகக்கவசம் கட்டாயம், கார்பன் தூள் நெஞ்சுக்குள் போகும்.

ஒவ்வொரு முறையும் எய்யுமுன் அம்பை இரு கையாலும் மெல்ல வளைத்துக் காதருகே பிடியுங்கள். சடசடவென்று சத்தம் வந்தால் முறித்து எறியுங்கள். வெடித்த கார்பன் அம்பு நாணில் சிதறினால் துண்டுகள் இடக்கைக்குள்தான் ஏறும்.

9. பொருத்தி நேராக்குதல்

அம்பு நாணுக்குச் செங்குத்தாக, அல்லது நொக் (நாணில் மாட்டும் அம்பின் வால்) பக்கம் கால் அங்குலத்தில் பாதி உயரமாக இருக்கட்டும். ரைசரிலிருந்து, அதாவது வில்லின் நடுச்சட்டத்திலிருந்து, அம்பின் நடுக்கோடு 13/16 அங்குலத்தில் தொடங்கட்டும். பீப்பைச் சரிபார்க்கக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, கை வழக்கமான இடத்தில் தாடையில் பதிந்தபின் திறவுங்கள். பீப்பின் வட்டத்துக்குள் சைற்றின் வட்டம் சரியாக அமர வேண்டும். தலையைக் குனிந்து தேடவேண்டி வந்தால் பீப் தாழ்ந்துவிட்டது.

பிறகு தாள் சோதனை. மரச்சட்டத்தில் பத்திரிகைத் தாளை இழுத்து ஒட்டி, இரண்டு மீற்றர் தள்ளி நின்று, தாளுக்குப் பின்னால் இலக்கு வைத்து எய்யுங்கள். முனை போன துளையும் மூன்று இறகுக் கீறலும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் நல்லது. இறகுக் கீறல் மேலே கிழிந்திருந்தால் ரெஸ்ற்றை ஒரு மயிரிழை உயர்த்துங்கள், கீழே கிழிந்திருந்தால் தாழ்த்துங்கள். பக்கவாட்டில் கிழிந்தால் ரெஸ்ற்றைத் தொடுமுன் உங்கள் பிடியைப் பாருங்கள். புதியவர்களின் பக்கக் கிழிசலுக்குப் பெரும்பாலும் காரணம் வில்லை இறுகப் பிடித்து முறுக்குவதுதான். விரல்களைத் தளரவிட்டு, பெருவிரல் அடிச்சதையில் வில்லைத் தாங்கி இன்னும் ஐந்து எய்து பார்த்தபின், அதே கிழிசல் வந்தால் மட்டும் 1/32 அங்குலமாக நகர்த்துங்கள்.

சைற்றுக்கு ஒரே விதி: அம்பு போன பக்கம் சைற்றை நகர்த்துங்கள். இடப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம், தாழ விழுந்தால் கீழே.

புதிய நாண் முதல் நூறு, இருநூறு அம்பு வரை நீளும். அதுவரை எதையும் இறுதியாகப் பூட்டவேண்டாம்.

10. வளவும் காற்றும்

கிடுகு வேலியும் பனைமட்டை வேலியும் அம்பைத் தடுக்காது, அம்பு அதற்குள்ளால் ஒழுங்கைக்குப் போகும். சுண்ணக்கல் மதில் தடுக்கும், ஆனால் அம்பு நொருங்கித் திரும்பித் தெறிக்கும். இலக்குக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் மண் மூட்டை அடுக்கு வேண்டும். இலக்கு மூட்டைக்கு உரப்பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, பழைய துணியும் பொலித்தீனும் கலந்து இறுக்கி அடையுங்கள். பொத்தான், சிப், காசு எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. வெறும் துணியானால் மழையில் ஊறிக் கல்லாகிவிடும். முதல் மாதம் பத்து மீற்றருக்கு மேல் போகாதீர்கள்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு 50 மீற்றர் எய்து சைற் வைப்பது வீண்வேலை. காலை ஏழு மணிக்கு முன் முடியுங்கள். தைக்குப் பின், சோளகம் தொடங்குமுன் உள்ள காலம்தான் அளவு வைக்க நல்லது.

11. செலவு

ஏறத்தாழ, அமெரிக்க டாலரில்: வில்லும் அடிப்படை உதிரிகளும் 350–500, ரிலீஸ் 60–120, அம்பு பன்னிரண்டு 70–130, மேலதிக நாண் செற் 90–150, பெட்டி 50–100. ஆக முதல் ஆண்டுக்கு 600 முதல் 1,000. டாலர் 300 ரூபாய் என்று பார்த்தால் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்திலிருந்து மூன்று இலட்சம், சுங்கத் தீர்வை தனி. இரண்டாம் ஆண்டு சைற்றும் ஸ்ரெபிலைசரும் இன்னொரு 250–450 கேட்கும்.

12. கனடாவுக்கே போய் வேட்டையாட நினைப்பவருக்கு

ஒன்ராறியோவில் மானுக்கு வில்லின் இழுபாரம் 700 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த இழுநீளத்தில் 18 கிலோவாவது இருக்க வேண்டும், மூஸுக்கும் (பெரிய மான் இனம்) கரடிக்கும் 22 கிலோ. அம்பு 600 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, முனையின் அகலம் 22 மில்லிமீற்றராவது வேண்டும். வேட்டைக் கல்விப் பயிற்சி, வெளிக்கள அட்டை (Outdoors Card), அந்த விலங்குக்கான உரிமம் மூன்றும் தேவை. உள்ளூர்வாசி உரிமம் கேட்க, முந்திய 12 மாதத்தில் தொடர்ந்து ஆறு மாதம் அங்கே வசித்திருக்க வேண்டும். 45 இறாத்தலில் இங்கே பழகிய வில் மானுக்கான வரம்பைத் தாண்டும்.

13. வெயிலும் உப்பும்

நாணின் நார் சூட்டில் நீளும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழேயோ வில்லை வைத்தால், அடுத்தநாள் பீப் திரும்பி நிற்கும், கேம்களின் ஒத்திசைவு போயிருக்கும். நாண் பஞ்சுபோல் தெரியத் தொடங்கினால் மெழுகைத் தடவி விரலால் தேய்த்துச் சூடேற்றுங்கள், நடுச்சுற்றில் மட்டும் தடவவேண்டாம். குருநகர், பருத்தித்துறை போல் கடலை அண்டிய வீடுகளில் திருகுகள் ஒரு மாரிக்குள் துருப்பிடிக்கும். எய்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, திருகுத் தலைகளுக்கு மட்டும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். எண்ணெய் நாணில் படக்கூடாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாணும் கேபிளும் மாற்ற வேண்டும், ஆகவே அடுத்த திருவிழாவுக்கு வருகிறவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.